இடது ஸ்கீக்குச் சிவப்புப் புள்ளி

ஜனவரி 5, திங்கள்

இதைத் தமிழில் எழுத ஒரே காரணம் லொவீசா. என் அறைத்தோழி, சுவீடன்காரி. மேசையில் எது கிடந்தாலும் வாசிப்பாள், என் பல் வைத்தியரின் கடிதத்தைக்கூட. பன்னிரண்டு வருடம் சனிக்கிழமைக் காலைகளில் ஒஸ்லோத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்ததற்கு இப்போதுதான் ஒரு பலன்.

ஏப்ரல் 4, ஈஸ்டர் சனி, இந்த மலையில் டெலிமார்க் ஸ்கீப் போட்டி. மிதுனாவும் பெயர் கொடுத்திருக்கிறாள். என் மாமாவின் மகள். என்னைவிட நாலு மாதம் மூத்தவள். என் முன்பல் இரண்டும் போனதற்குக் காரணமானவள். அவள் செய்ததை அன்றைக்கு எல்லோருக்கும் காட்ட வேண்டும், அதன் பிறகு அவளை வெல்ல வேண்டும். அவ்வளவுதான் இந்தக் குளிர்காலத்து வேலை.

ஜனவரி 7, புதன்

நான் வேலை செய்கிற பட்டறையில் இன்று பதினெட்டுச் சோடி ஸ்கீக்கு மெழுகு பூசினேன். வாடகைக்கு எடுப்பவர்கள் கல்லின் மேல்தான் ஓட்டுகிறார்கள் போல.

மாலையில் படமெடுத்தேன். ஊன்றுகோலைப் பனியில் குத்தி, அதில் அப்பாவின் பழைய போனை ரப்பர் பட்டியால் கட்டுவேன். பின் கமராவின் கண்ணாடி எப்போதோ நொறுங்கிவிட்டது, முன் கமராதான் வேலை செய்யும். அதுவும் நல்லதுதான். திரை என் பக்கம் இருப்பதால் நான் சட்டத்துக்குள் வருகிறேனா என்று பார்த்துக்கொள்ளலாம். மேலே ஏறி, இறங்கி, பார்த்து, திரும்ப ஏறி. ஒன்பது தரம்.

டெலிமார்க்கில் குதிகால் பூட்டியிருக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கால் முன்னுக்குப் போகும், மற்றது பின்னுக்குப் போய்க் குதி எழும்பி முழங்கால் மடியும், கிட்டத்தட்ட மண்டியிடுகிற மாதிரி. பின்கால் சும்மா இழுபடக்கூடாது, பாதிப் பாரம் அதில் நிற்க வேண்டும். போட்டியில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு நடுவர் கொடியோடு நிற்பார். பின்கால் சோம்பேறி என்றால் கொடி எழும்பும், ஒரு விநாடி கூடும்.

என் இடத்திருப்பம் அழகு. வலத்திருப்பத்தில் பின்கால் செத்த பாம்பு மாதிரி இழுபடுகிறது. படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

ஜனவரி 12, திங்கள்

தோர்லைஃப் இன்றைக்கும் ஏசினார். இவர்தான் பட்டறை முதலாளி, என் அப்பாவைவிட வயசு கூட, குரலை உயர்த்தமாட்டார், அதுதான் எரிச்சல். ஸ்குரூ ஓட்டைக்குள் விட்ட பசையை ஒரு இரவு காயவிடாமல் ஸ்கீயை ஆளிடம் கொடுத்துவிட்டேனாம். ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினான், நான் என்ன செய்ய. பசை காய்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு என்னால் முடியாது. பொறியியலையும் இப்படித்தான் இரண்டாம் வருடத்தில் விட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நடந்ததை ஒருதரம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

போன ஏப்ரல் 17, ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன். நானும் மிதுனாவும் இதே பட்டறையில் வேலை. எனக்குப் புது டெலிமார்க் ஸ்கீ வந்திருந்தது, காலையில் அதில் சப்பாத்தைப் பிடிக்கிற பைண்டிங்கைப் பூட்டினோம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. டெலிமார்க் பைண்டிங் இடது வேறு, வலது வேறு. இடது ஸ்கீயில் சிவப்புப் புள்ளி, வலதில் பச்சை. இடதை ஒருவர் பூட்ட வேண்டும், வலதை மற்றவர். பிறகு கை மாற்றி, மற்றவர் பூட்டியதை இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டியதற்கும் பார்த்ததற்கும் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது: இடது, மிதுனா. வலது, ஆரபி. நாலு கையெழுத்தும் இருக்கிறது.

மத்தியானம் ஆற்றுக்கு மேலே உள்ள சரிவில் என்னை நானே படமெடுத்தேன், இதே போன், இதே ஊன்றுகோல். ஏழாவது திருப்பத்தில் இடது பைண்டிங் பிய்ந்துகொண்டு வருகிறது. ஸ்கீ தனியாக வழுக்கி ஆற்றுக்குள் போகிறது. நான் முகம் குப்புற. அந்த ஸ்கீ கிடைக்கவே இல்லை, பல்லும் கிடைக்கவில்லை.

அன்றைய நாள் எனக்கு ஞாபகமில்லை. தலையில் அடி. காலையில் பட்டறையில் யார் என்ன செய்தோம் என்று கேட்டால் தெரியாது. ஆனால் என்னை எனக்குத் தெரியும், நான் இறுக்கித்தான் பூட்டியிருப்பேன். தெரியாததற்குத்தான் படம் இருக்கிறதே. பதினொரு விநாடி. இடது.

தோர்லைஃபிடம் காட்டினேன், மாமாவிடம் காட்டினேன், எங்கள் சனத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். மிதுனாவைத் தோர்லைஃப் அடுத்த பருவத்துக்கு எடுக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. செய்தவள் என்ன சொல்லுவாள்?

இலையுதிர் காலத்துப் பயிற்றுநர் வகுப்பு எனக்குத் தவறிப்போனது. தலைச்சுற்றல். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஜனவரி 29, வியாழன்

வலது. வலது. வலது. முப்பது தரம்.

பிப்ரவரி 6, வெள்ளி

உடம்பு சரி என்கிறது, படம் பிழை என்கிறது. வலத்திருப்பத்தில் பின்காலில் பாரம் நன்றாக நிற்பது போலத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே செத்த பாம்பு. உடம்பு பொய் சொல்லும், படம் சொல்லாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

தோர்லைஃப் இழுவைக் கம்பியில் தொங்கியபடி மேலே போகும்போது என்னைப் பார்த்திருக்கிறார். உன் வலது நன்றாக இருக்கிறது, இடதைக் கவனி என்றார். அவருக்குக் கண் சரியில்லை. தவிர, அவருக்கு எப்போதும் மிதுனாவில் ஒரு இரக்கம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மா போன் எடுத்தார். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகிற கதை பத்து நிமிடம். புட்டு அனுப்பவா என்ற கதை ஐந்து நிமிடம். கடைசியில்:

"மாமா வீட்டு ஸ்டோருக்குள்ள உன்ர ஒற்றை ஸ்கீ ஒண்டு கிடக்காம். மாமி கால் தடக்கி விழப் பாத்தாவாம். எடுக்கிறியா என்னெண்டு கேக்கச் சொன்னவ."

விழுந்த அன்று மிச்சமாக என் காலில் இருந்த ஸ்கீ. அதை மிதுனா ஏன் தன் வீட்டுக்குக் கொண்டு போனாள் என்று தெரியவில்லை. எறியச் சொன்னேன்.

"எறிய விடமாட்டன் எண்டு மிதுனா நிக்கிறாள். நீங்கள் ரெண்டு பேரும் சின்னனில ஒரு கோப்பையில சாப்பிட்டனீங்கள்."

"அப்ப அவள் என்ர பல்லை எடுக்கேல்லையம்மா."

அம்மா போனை வைத்துவிட்டார்.

மார்ச் 2, திங்கள்

போட்டிக்காரர்கள் எல்லோரும் தங்களைத் தாங்களே எடுத்த படம் ஒன்று, முப்பது விநாடிக்கு மேற்படாமல், கொடுக்க வேண்டும். ஓடுவதற்குச் சற்று முன் அடிவாரத்துப் பெரிய திரையில் போடுவார்கள், கீழே நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியோடு. எல்லோரும் பாய்ச்சலும் கும்மாளமும் கொடுப்பார்கள். வருடா வருடம் அப்படித்தான்.

நான் என்ன கொடுப்பேன் என்று இந்தக் கொப்பிக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

கொடுத்தாயிற்று. விழுந்த படம், முழுதாக. கீழே நோர்வேஜிய மொழியில் ஒரு வரி: "இடது பைண்டிங்கைப் பூட்டியவர் மிதுனா." ஈஸ்டர் சனிக்கிழமை இங்கே இரண்டாயிரம் சனம் நிற்கும். அவள் தொடக்கக் கோட்டில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன், ஒரு படம் போடப்போகிறேன், வந்து பாருங்கள் என்று. என்ன படம் என்று சொல்லவில்லை.

லொவீசா ஏதோ பின்னுகிறாள். சிவப்புக் கம்பளி அறையெல்லாம் கிடக்கிறது.

மார்ச் 21, சனி

வலது பின்கால் இன்னும் பிழை. பத்து வாரம் ஆகிவிட்டது. அந்தக் காலை மட்டும் தனியாகப் பார்க்கலாம் என்று லொவீசாவின் கம்பளியில் ஒரு முழம் வெட்டி வலது முழங்காலில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

படத்தில் கம்பளி நல்ல காலில் இருக்கிறது. செத்த பாம்புக் காலில் கம்பளி இல்லை.

மாற்றிக் கட்டிவிட்டேன் என்று குனிந்து பார்த்தேன். வலது முழங்காலில்தான் இருக்கிறது. திரும்ப ஓடினேன். படத்தில் இடது. அவிழ்த்துக் கட்டித் திரும்ப ஓடினேன். படத்தில் இடது.

முன் கமரா. கண்ணாடியில் பார்ப்பது மாதிரித்தான் அது பதிகிறது. வெள்ளைச் சரிவில் மரமுமில்லை, எழுத்துமில்லை, எனக்கு எப்படித் தெரியும். பத்து வாரமாக நல்ல காலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தோர்லைஃபுக்குக் கண் சரியாகத்தான் இருக்கிறது.

சிரிப்பு வந்தது. உண்மையாகவே பனியில் குந்தியிருந்து சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

வேலை. மெழுகு. பாண். படுக்கை.

மார்ச் 23, திங்கள்

வேலை. மெழுகு. லொவீசா சுகமில்லையா என்று கேட்டாள். கம்பளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

இதே போன், இதே ஊன்றுகோல். ஜனவரி 18இல் நானேதான் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் விழுந்த படத்திலும் இடம் வலம் மாறித்தான் இருக்கும்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மாமா வீட்டில்தான் நின்றார், பின்னுக்கு மிக்ஸி சத்தம். ஸ்டோருக்குள் போய் அந்த ஸ்கீயைப் பாருங்கள் என்றேன். ஏன், எதற்கு, இப்போதா என்று மூன்று கேள்வி. போனார். ஏதோ பெட்டி சரிகிற சத்தம்.

"கண்டிட்டன். என்ன பாக்கவேணும்?"

"முன்னுக்கு ஒரு புள்ளி கிடக்கும். என்ன நிறம்?"

"பொறு, தூசு தட்டுறன்... சிவப்புப் பொட்டு. ஏன் பிள்ளை?"

சிவப்பு என்றால் இடது. இடது ஸ்கீ பைண்டிங்கோடு அப்படியே இருக்கிறது. ஆற்றோடு போனது வலது.

வலதைப் பூட்டியவள் நான்.

மார்ச் 26, வியாழன்

இது யாருக்கும் தெரியாது. படம் கொடுத்தாயிற்று. திரையில் பார்க்கிற சனத்துக்கு வெள்ளைச் சரிவும் ஒரு பெட்டையும்தான் தெரியும்.

உண்மையைச் சொன்னால் தோர்லைஃப் என்னை வைத்திருக்கமாட்டார். பசை காயாமல் கொடுத்ததை ஏற்கனவே எண்ணிக்கொண்டிருக்கிறார். படிப்பை விட்ட பிறகு என்னிடம் இருக்கிற ஒரே இடம் இந்தப் பட்டறை. அம்மாவிடம் போய் என்ன சொல்லுவேன், பல்லையும் நானே உடைத்தேன் என்றா?

மார்ச் 27, வெள்ளி

தெரியும். ஒருத்திக்குத் தெரியும்.

ஒரு வருடமாக அந்த ஸ்கீ அவளிடம் இருந்திருக்கிறது. ஒரு நாள் தூக்கிக் காட்டியிருந்தால் என் வாய் மூடியிருக்கும். காட்டவில்லை. எறியவும் விடவில்லை. நான் வீடு வீடாகப் போய்ப் படம் காட்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம். இதை நினைத்தால் அவளில் முன்னைவிடக் கோபம் வருகிறது, கோபப்படுகிற இடத்தில் நான் இல்லை என்பதால் இன்னும் கோபம் வருகிறது.

இடத்திருப்பம் நாற்பது தரம்.

மார்ச் 30, திங்கள்

பட்டறையில் எனக்கும் புதுப் பெடியன் ஒருவனுக்கும் ஒரு சோடி. நான் இடது, அவன் வலது. முடிந்ததும் அவன் என்னுடையதைத் தொடாமலே புத்தகத்தில் கையெழுத்து வைத்தான். இழுத்துப் பார் என்றேன். பார்த்துவிட்டேன் என்றான். இழுத்துப் பார் என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், தோர்லைஃபும்.

அன்றைக்கு எப்படி நடந்திருக்கும் என்று ஞாபகமில்லாமலே தெரிகிறது. வெயில், புது ஸ்கீ, மேலே போகிற அவசரம். பசை காயட்டும் என்று அவள் சொல்லியிருப்பாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியும்.

ஏப்ரல் 2, வியாழன்

பெரிய வியாழன். படம் மாற்ற இன்று பன்னிரண்டு மணிதான் கடைசி. பதினொன்று ஐம்பதுக்குப் போட்டி அலுவலகத்தில் நின்றேன். மேசையில் இருந்த பெண்பிள்ளை தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். படத்தை இடம் வலமாகத் திருப்ப போனில் இரண்டு தட்டு. பத்து வாரமும் ஒரு வருடமும் இரண்டு தட்டில்.

எழுத்தும் மாற்றவா என்று கேட்டாள். மாற்று என்றேன்.

ஏப்ரல் 4, சனி

காலை ஒன்பதுக்கே வெயில். சனம் தோடம்பழமும் சொக்கலேற்றுமாகச் சரிவெல்லாம் படுத்துக் கிடந்தது. எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள்: அம்மா, மாமி, மாமா, ஒரு பெரிய பெட்டி இடியப்பத்தோடு. அம்மா இரண்டு கால்சட்டை போட்டிருந்தார்.

இறுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் பனியில் ஒரு ஒற்றை ஸ்கீ குத்தி நின்றது. சிவப்புப் புள்ளி. மற்றவர்கள் ஏதோ அடையாளக் கம்பு என்று நினைத்திருப்பார்கள்.

மேலே தொடக்கக் கோட்டில் மிதுனா. ஒரு வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம். தலைக்கவசப் பட்டியைப் பூட்டிக்கொண்டே என் வாயைப் பார்த்தாள்.

"புதுப் பல்லு வடிவாக் கிடக்கு. பழசு கொஞ்சம் மிதப்பு."

"ஏன் அதைக் கொண்டு வந்தனீ?"

"உன்ர அம்மா சொன்னவ, நீ ஏதோ படம் போடப் போறியாம். எனக்குத் தெரியும்தானே என்ன படமெண்டு. நீ அதைப் போடு. நான் இதைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போறன். ஒரு வருசமா இந்த நாளுக்குத்தான், மச்சாள், பாத்துக்கொண்டிருந்தனான்."

அவளும். நான் மட்டும்தான் வன்மம் வைத்திருப்பதாக நினைத்திருந்தேன்.

அதற்குள் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். கீழே திரையில் என் படம். மேலே இருந்தே பெரிதாகத் தெரிந்தது. ஏழாவது திருப்பம், வலது ஸ்கீ பிய்ந்து ஆற்றுப் பக்கம் போகிறது, நான் குப்புற. சனம் ஊ என்றது, சிலர் சிரித்தார்கள். கீழே எழுத்து: "வலது பைண்டிங்கைப் பூட்டியவள் நான். ஆரபி."

மிதுனா திரையைப் பார்த்தாள். பட்டியில் இருந்த கை அப்படியே நின்றது.

"இப்பதான் நேராக் கிடக்கு," என்றாள்.

ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். தொடக்க மணி அடிக்க இன்னும் இருபது விநாடி.

"நீ வலதைப் பூட்டினாய். இறுக்கமோ எண்டு நான் இழுத்துப் பாத்திருக்கோணும். பாக்கேல்லை, சும்மா கையெழுத்து வைச்சனான். அதாலதான் முதல் வாயைத் திறக்கேல்லை. பிறகு நீ வீடு வீடாப் போகத் தொடங்கினாய். அப்ப நினைச்சன், போகட்டும், நல்லாப் போகட்டும், ஒரு நாளைக்கு எல்லாத்தையும் சேத்துத் தாறன் எண்டு."

மணி அடித்தது.

ஓடினேன். வலத்திருப்பம் பதினொன்றும் சுத்தம், பத்து வாரத்து வேலை. இடத்திருப்பத்தில் மூன்று கொடி எழும்பியது. மூன்று விநாடி. மிதுனா என்னை இரண்டு விநாடியால் வென்றாள், ஒரு கொடியும் இல்லாமல். கொடி இல்லையென்றால் நான்தான் வென்றிருப்பேன். அதை எழுதாமல் விடமாட்டேன்.

கீழே வந்ததும் அந்த ஸ்கீயைப் பனியில் இருந்து பிடுங்கினாள். மேடைக்குப் போகவில்லை. என் கையில் தந்தாள்.

"தோர்லைஃபுக்குப் படம் மட்டும் காணாது. உன்ர வாயால சொல்லு. நான் பக்கத்தில நிப்பன்."

"எனக்குத் துணைக்கோ?"

"நீ ஒழுங்காச் சொல்லுறியோ எண்டு பாக்க."

சொன்னேன். அவள் நின்றாள். நான் நடுவில் ஒரு இடத்தில், தலையில் அடிபட்டதால் என்று தொடங்கியபோது தொண்டையைச் செருமினாள். அந்த வசனத்தை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தோர்லைஃப் பட்டறைச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். குரலை உயர்த்தவில்லை. மிதுனாவின் பெயரை அடுத்த பருவத்துக்கு எழுதிவிட்டார். அவள் யோசித்துச் சொல்கிறாளாம். நல்லாக் காக்க வைக்கட்டும்.

மாமாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இடியப்பத்தைச் சொதியில் பிசைந்துகொண்டே இருந்தார், கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. படம் காட்டிய வீடுகள் பதினாலு. பட்டியல் போட்டிருக்கிறேன்.

லொவீசா சிவப்புத் தொப்பியைப் பின்னி முடித்துவிட்டாள். ஒரு முழம் குறைந்ததால் காதை மூடவில்லையாம். எனக்கே தந்துவிட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

அம்மாவையும் பெட்டிகளையும் மாமா கொண்டு போனார். எனக்கு அந்தக் காரில் இடமில்லை என்று மாமி அம்மாவிடம் சொன்னார், இடம் இருந்தது. மிதுனாவின் காரில் ஏறினேன். ஒஸ்லோவுக்கு மூன்று மணித்தியாலம். ஸ்கீ உள்ளே கொள்ளவில்லை, பின்னாலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றது. சிவப்புப் புள்ளி என் முழங்கையில் இடித்தது.

அடுத்த வருடம் உன்னை வெல்லுவேன் என்றேன். முதலில் இடது வலது படித்துவிட்டு வா என்றாள். இன்னும் கோபம்தான், அவளுக்கும் எனக்கும். பதினாலு வீட்டுக்குள்ளும் என்னோடு வரமாட்டாளாம், கீழே காருக்குள் இருப்பாளாம்.

கார்ச் சாவியைப் போட்டுவிட்டு எஞ்சினைத் தொடக்காமல் என்னைப் பார்த்தாள்.

"பெல்ட்?"

"போட்டிட்டன்."

அவள் அதை நம்பவில்லை. ஸ்கீக்கு மேலால் கையை நீட்டி, என் பட்டியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

நானும் எட்டி அவளுடையதை இழுத்துப் பார்த்தேன்.